பல நாள் மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு யாரோடு போவது? வேலூர்க்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

பல நாள் மவுண்டன் பைக் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க நினைக்கிறவர்களின் பேச்சு பெரும்பாலும் சைக்கிளைச் சுற்றியே நிகழ்கிறது. எந்த டயர், எத்தனை பல் கொண்ட கியர், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் இருந்தால் போதுமா, பின்னாலும் வேண்டுமா என்பவை அவர்களுடைய கேள்விகள். இவற்றில் எதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் பந்தயத்தை ஒருவாறு முடித்துவிடலாம். ஆனால் தனியாகப் போவதா, ஜோடியாகப் போவதா, ஜோடி என்றால் யாரோடு போவது என்ற முடிவு தவறிவிட்டால், ஓராண்டுப் பயிற்சியும் செலவழித்த பணமும் சில நேரங்களில் ஒரு நல்ல நட்பும் சேர்ந்தே வீணாகின்றன. பாலமதிக்கும் அமிர்திக்கும் ஏலகிரிக்கும் வார இறுதிகளில் ஏறி இறங்கும் வேலூர் வட்டாரத்து நண்பர்களை மனத்தில் வைத்து, அந்த முடிவுக்கு உரிய வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் விதிகளைப் பார்க்க வேண்டும், ஏனெனில் சில பந்தயங்களில் தனியாகப் போகும் வழியே கிடையாது. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் 2004 முதல் நடந்துவரும் கேப் எபிக் இருவர் அணிகளுக்கு மட்டுமே உரியது. ஒரு முன்னோட்டச் சுற்றும் ஏழு கட்டங்களுமாக எட்டு நாள், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். 1998-இல் ஜெர்மனியின் மிட்டன்வால்டிலிருந்து இத்தாலியின் ரீவா வரை ஆல்ப்ஸ் மலையைக் கடந்து முதன்முறை நடந்த டிரான்ஸ்ஆல்ப் பந்தயமும் இருவர் அணி என்ற எண்ணத்தின் மீதே எழுந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2007 முதல் நடக்கும் பி.சி. பைக் ரேஸ் தனியாகவும் வரலாம், ஜோடியாகவும் வரலாம் என்கிறது. நம் நாட்டில் 2005-இல் தொடங்கி இமாசலப் பிரதேச மலைகளில் நடத்தப்பட்டுவரும் எம்.டி.பி. ஹிமாலயாவைத்தான் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் முதல் இலக்காக எண்ணுகிறார்கள். எந்தப் பந்தயமானாலும் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படித்து, ஜோடிப் பிரிவு இருக்கிறதா, இருந்தால் வயது வரம்பு என்ன என்று பார்த்துக்கொள்வது நல்லது. எடுத்துக்காட்டாக, கேப் எபிக்கின் மாஸ்டர்ஸ் பிரிவில் சேர இருவருக்குமே நாற்பது வயது நிறைந்திருக்க வேண்டும்.

ஜோடிப் பந்தயத்தின் தன்மையைத் தீர்மானிக்கும் விதிகள் இரண்டு. அணியின் நேரம் என்பது எல்லைக் கோட்டை இரண்டாவதாகக் கடப்பவருடைய நேரம். மேலும், வழியில் இருவரும் பிரியக்கூடாது. கேப் எபிக்கில் இருவருக்கும் இடைவெளி இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றும், மீறினால் முதலில் ஒரு மணி நேரம் தண்டமாகக் கூட்டப்படும் என்றும், மீறல் தொடர்ந்தால் அணியே தகுதி நீக்கம் செய்யப்படும் என்றும் விதி வகுத்திருக்கிறார்கள். ஆள் நடமாட்டமற்ற மலைப்பாதையில் ஒருவர் விழுந்தாலோ மயங்கினாலோ அருகில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்ற பாதுகாப்பு நோக்கமும் இதில் உண்டு. கிராஸ் கன்ட்ரி எனப்படும் குறுக்கு நாட்டு மலைச் சைக்கிளில் பத்து முறை உலக சாம்பியனான நினோ ஷூர்ட்டர் இந்தப் பந்தயத்தை 2017-இல் ஒருவரோடும் 2019-இல் வேறொருவரோடும் சேர்ந்து வென்றிருக்கிறார். அவரும்கூடத் தன் கூட்டாளியின் சக்கரம் கோட்டைக் கடந்த நொடியைத்தான் தன் நேரமாக ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த விதியின் எடையை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். சைக்கிளோடும் தண்ணீரோடும் சேர்த்து 83 கிலோ எடையுள்ள ஒருவர், நூற்றுக்கு எட்டு சரிவுள்ள மண்பாதையில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு ஏறக்குறைய 195 வாட் சக்தியைச் செலுத்த வேண்டும். அவர் ஒரு மணி நேரத்தில் 720 மீட்டர் உயரம் ஏறுவார். அதே எடையுள்ள இன்னொருவரால் 228 வாட் செலுத்த முடியுமானால் அவர் 850 மீட்டர் ஏறுவார். 33 வாட் என்பது கேட்பதற்குச் சிறிய வேறுபாடு. ஆனால் ஆயிரம் மீட்டர் ஏற்றத்தை முதலாமவர் 83 நிமிடத்திலும் இரண்டாமவர் 71 நிமிடத்திலும் முடிப்பார்கள். ஒரே நாளில் இரண்டாயிரம் மீட்டர் ஏற வேண்டிய பந்தயத்தில் இடைவெளி 24 நிமிடத்தைத் தாண்டிவிடும், விதி தருவதோ இரண்டு நிமிடம். எஞ்சிய நேரம் முழுவதும் ஒருவர் தன் இயல்பான வேகத்தைவிட மெதுவாகவும், மற்றவர் தன் இயல்பான வேகத்தைவிட விரைவாகவும் ஓட்டியாக வேண்டும். இவற்றில் இரண்டாவதுதான் ஆபத்தானது.

தனியாகப் போகும் வழியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அதன் அருமை புரியும். தனியாள் தன் நாடித்துடிப்பை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டலாம். காலையில் மெதுவாகத் தொடங்கிப் பிற்பகலில் விரைவது, ஏற்றத்தின் நடுவே ஐந்து நிமிடம் நின்று சாப்பிடுவது, வயிறு சரியில்லாத நாளில் கட்டத்தை முடிப்பதே போதும் என்று இருந்துவிடுவது ஆகிய எல்லாவற்றையும் அவர் எவரிடமும் கேட்காமல் முடிவு செய்யலாம். பயிற்சிக்கும் இது எளிது. கல்லூரி, மருத்துவமனை, தோல் தொழிற்சாலை என வெவ்வேறு நேரங்களில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த நம் ஊரில், இருவர் ஒரே நேரத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்பது சைக்கிள் ஓட்டும் எவருக்கும் தெரியும். தனியாளின் குறை பந்தயத்தின் நடுவில்தான் வெளிப்படுகிறது. செயின் அறுந்தால் அவரே பூட்ட வேண்டும், பம்பும் டியூபும் கருவிகளும் முழுவதையும் அவரே சுமக்க வேண்டும், சமவெளியில் எதிர்காற்று அடித்தால் ஒண்டிக்கொள்ள ஒரு முதுகு இருக்காது. அறிமுகமில்லாத ஓட்டிகளின் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் நமக்காக வேகத்தைக் குறைக்கமாட்டார்கள். உடல் தளர்ந்து சிந்தனை மங்கும் நேரத்தில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று நினைவூட்டுவதற்கும் ஆள் இருக்காது. பலரைப் பந்தயத்திலிருந்து வெளியேற்றுவது பசியை உணரத் தவறும் அந்த மந்த நிலைதான்.

ஜோடியாகப் போவதென்றால் முதலில் மனத்தில் வருவது, நம்மைவிட வலுவான ஒருவரோடு சேர்வது. இதற்கு ஆதரவாக வலுவான காரணம் ஒன்று உண்டு. வலுவானவர் தன் மிகுதியான சக்தியில் ஒரு பகுதியைக் கூட்டாளிக்குத் தர முடியும். முதுகில் கை வைத்துத் தள்ளுவது, விதி அனுமதிக்கும் இடங்களில் மீள்நாடா கட்டி இழுப்பது, சமவெளியில் முன்னால் சென்று காற்றை உடைப்பது ஆகிய மூன்றும் பழக்கத்தில் உள்ள முறைகள். முன்னே சொன்ன கணக்கில், 228 வாட் தரக்கூடியவர் தன் பங்கிலிருந்து 16 வாட்டை மற்றவருக்குத் தள்ளிவிட்டால் இருவரும் மணிக்கு ஏறக்குறைய 785 மீட்டர் என்ற இடைப்பட்ட வேகத்தில் சேர்ந்து ஏறலாம். ஆயிரம் மீட்டருக்கு 83 நிமிடம் என்பது 76 நிமிடமாகக் குறையும். காற்றை உடைப்பது சமவெளியில் பெரிய உதவி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் ஒட்டி வருபவர் தன் உழைப்பில் நான்கில் ஒரு பங்கை மிச்சப்படுத்தலாம். ஆனால் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது காற்றின் தடை மிகச் சிறிது, ஆகவே பின்னால் ஒட்டிக்கொள்வதால் பயனில்லை. மலைப் பந்தயத்தில் நேரத்தின் பெரும்பகுதி ஏற்றத்தில்தான் செலவாகிறது என்பதால், வலுவானவரின் துணை பலர் எண்ணுவதைவிடக் குறைவாகவே பயன்படுகிறது.

இந்த வழியின் மெய்யான இடர் வாட் கணக்கில் அடங்காது. நம் ஊரில் இருவர் சேர்ந்து சைக்கிள் ஓட்டும்போது அவர்களிடையே பெரும்பாலும் ஓர் அண்ணன் தம்பி முறை ஏற்பட்டுவிடுகிறது. வயதில் மூத்தவரை, அல்லது அனுபவத்தில் மூத்தவரை, மற்றவர் அண்ணா என்று அழைக்கிறார், நீங்கள் என்று பேசுகிறார், அவர் நிற்கும்வரை தானும் நிற்பதில்லை. அன்பிலிருந்தும் மதிப்பிலிருந்தும் பிறக்கும் வழக்கம் இது, நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஜோடிப் பந்தயத்தில் அது ஒரு வாக்கியத்தைப் பிறப்பிக்கிறது: “நீங்க போங்க அண்ணா, நான் வந்துடறேன்.” ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி ஏற்றத்தில் இதைச் சொன்னால் கெடுதி ஒன்றுமில்லை. அண்ணன் மேலே போய்த் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருப்பார், தம்பி பதினைந்து நிமிடம் கழித்து வந்து சேர்வார். பந்தயத்திலோ இதைச் சொல்பவர் தன் தளர்ச்சியை மறைக்கிறார், கேட்பவர் அதை நம்பி வேகத்தைக் குறைக்காமல் போகிறார், அடுத்த ஒரு மணி நேரத்தில் பின்னால் வருபவர் தன் எல்லையைத் தாண்டித் துரத்துகிறார். இவ்வாறு தன் எல்லைக்கு மேலே ஒரு நாள் ஓட்டியவர் தசையில் சேமித்த சர்க்கரையை முழுவதும் எரித்துவிடுகிறார். இரவு எவ்வளவு சாப்பிட்டாலும் மறுநாள் காலைக்குள் அது முழுமையாக நிரம்புவதில்லை. எனவே முதல் நாளில் சொல்லாமல் விட்டது மூன்றாம் நாளில் இருவரையும் நிறுத்துகிறது.

எதிர்த் திசையிலும் இதே சிக்கல் உண்டு. மூத்தவர் தளரும்போது தம்பியிடம் அதைச் சொல்லத் தயங்குகிறார். அலுவலகத்தில் மேலாளராக இருப்பவர் தன் கீழ் வேலை பார்ப்பவரோடு ஜோடி சேர்ந்தாலும், ஆசிரியர் தன் பழைய மாணவரோடு சேர்ந்தாலும் இந்தத் தயக்கம் இரட்டிப்பாகிறது. இதற்கு நான் கண்ட தீர்வு, உணர்வைச் சொற்களால் விளக்க வேண்டிய தேவையையே நீக்கிவிடுவது. ஒவ்வோர் அரை மணி நேரத்துக்கும் இருவரும் ஒன்று முதல் பத்து வரை ஓர் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். ஆறு என்றால் பேசிக்கொண்டே ஓட்டலாம், எட்டு என்றால் பேச்சு நின்றுவிட்டது, ஒன்பது என்றால் அப்போதே வேகம் குறைய வேண்டும். எண்ணைச் சொன்ன பிறகு அதைப் பற்றி விசாரணையோ ஆறுதலோ கூடாது. “எட்டு, அண்ணா” என்று சொல்வதில் மரியாதைக் குறைவும் இல்லை, முறையிடலும் இல்லை. இந்தப் பழக்கம் ஏற்படாத ஜோடி, இருவரும் எவ்வளவு வலுவானவர்களாக இருந்தாலும், பந்தயத்துக்கு ஆயத்தமாகவில்லை என்றே நான் கொள்வேன்.

நம்மைவிட மெதுவானவரோடு போவது மேலே சொன்னதன் மறுபக்கம்தான் என்பதால் அதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வலுவானவர் தன் இலக்கை மாற்றிக்கொள்ள முன்வந்தால், அதாவது தரவரிசையை மறந்து கூட்டாளியை முடிக்க வைப்பதையே தன் பந்தயமாக ஏற்றுக்கொண்டால், இது மிக நல்ல ஜோடியாக அமையும். அந்த ஏற்பை அவர் வாயால் சொன்னால் போதாது. ஏற்றத்தின் உச்சியில் காத்திருக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிறாரா, கூட்டாளியின் முகத்தைப் பார்க்கிறாரா என்பதிலேயே அது தெரிந்துவிடும்.

சமமானவரோடு சேர்வதே சிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் சமம் என்பதை எப்போது அளப்பது என்பதில்தான் பலர் பிழைபடுகிறார்கள். பாலமதி ஏற்றத்தைப் புத்துணர்ச்சியோடு ஒரு காலையில் ஏறி, இருவருடைய நேரமும் ஒன்றாக வந்தால் சமம் என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த அளவு முதல் நாளுக்கு மட்டுமே பொருந்தும். ஒருவர் முதல் மணி நேரத்தில் மிக வலுவாக இருந்து ஐந்தாம் மணி நேரத்தில் சரிந்துவிடலாம். இன்னொருவர் தொடக்கத்தில் சுணங்கி, மணி செல்லச் செல்ல அதே வேகத்தில் மாறாமல் போகலாம். காலையில் முதலாமவரும் பிற்பகலில் இரண்டாமவரும் மற்றவருக்காகக் காத்திருப்பார்கள், இருவரும் நாள் முழுதும் தம் இயல்புக்கு மாறாகவே ஓட்டுவார்கள். இதைவிட, உச்ச வலிமையில் சற்றே வேறுபட்டாலும் ஒரே மாதிரித் தளர்கிற இருவர் சேர்வது நல்லது. ஆகையால் நான் பார்க்கச் சொல்வது, மூன்றாம் நாள் பிற்பகலில் இருவரும் எப்படி இருக்கிறார்கள் என்பதை.

அதைச் சோதித்துப் பார்க்க இமயத்துக்குப் போக வேண்டியதில்லை. 1989-இல் பிரிக்கப்படுவதற்கு முன் ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த நிலப்பரப்பிலேயே அதற்கு உரிய வழி இருக்கிறது. முதல் நாள் வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையில் வண்டியில் சென்றுவிட்டு, அங்கிருந்து பொன்னேரி வழியாக ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும். நேரம் இருந்தால் இறங்கி மறுமுறையும் ஏறலாம். இரண்டாம் நாள் ஏலகிரியிலிருந்து இறங்கி ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறி, வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூரைக் கடந்து ஜமுனாமரத்தூரில் தங்க வேண்டும். மூன்றாம் நாள் மலைமேலுள்ள சிற்றூர்ச் சாலைகளில் காலையைச் செலவிட்டு, போளூர்ப் பக்கம் இறங்கி, கண்ணமங்கலம், கணியம்பாடி வழியாக வேலூர் திரும்ப வேண்டும். கடைசிப் பகுதி ஏறக்குறைய சமவெளி, காற்றும் வெயிலும் மிகுந்தது, மனம் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டிருக்கும். இருவர் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். யார் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்கிறார், யார் தண்ணீரைப் பகிர்கிறார், யார் பேசாமலே விலகிப் போகிறார் என்பதைக் கவனித்தால் போதும். சாலையை விட்டுக் காப்புக்காட்டுப் பாதைகளில் ஓட்டுவதானால் வனத்துறையின் அனுமதி தேவை என்பதை நண்பர்கள் மறக்கக் கூடாது. கோடையில் நாற்பது பாகையைத் தாண்டும் நம் வெயிலில் இந்தச் சோதனையைச் செய்யவும் கூடாது. மழைக்குப் பிந்திய மாதங்களே ஏற்றவை.

சோதனையில் இறக்கங்களையும் தனியே கவனிக்க வேண்டும். ஏற்றத்தில் இருவரும் சமமாக இருந்தும் இறக்கத்தில் ஒருவர் அஞ்சினால், கல்லும் வேரும் நிறைந்த நீண்ட இறக்கத்தில் இடைவெளி எளிதில் இரண்டு நிமிடத்தைத் தாண்டிவிடும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஏற்றத்தில் பின்தங்குபவரைத் தள்ளி உதவலாம், இறக்கத்தில் அஞ்சுபவருக்கு அப்படி உதவவே முடியாது. அவரை விரைவுபடுத்த முயன்றால் விழுவார். ஆகவே இறக்கத்தில் அஞ்சுபவரை முன்னால் விட்டு, துணிந்தவர் பின்னால் வர வேண்டும். துணிந்தவர் முன்னால் போனால் பின்னால் வருபவர் அவருடைய தடத்தைத் துரத்தத் தொடங்குவார். தார்ச் சாலையில் மட்டுமே பழகியவர்களுக்கு மணலும் ஒரு தேர்வு. பாலாற்றுக் கரையோரத்து மணல் தடங்களில் இருவரும் சேர்ந்து பழகிப் பார்க்கலாம்.

கணவனும் மனைவியும் சேர்ந்து கலப்புப் பிரிவில் போட்டியிடுவது இன்னொரு வழி. இதைத் தனியாகப் பேசக் காரணம், வலுவில் வேறுபாடு இருந்தாலும் இங்கே பல குறைகள் தாமே நீங்கிவிடுகின்றன. பயிற்சி நேரத்தை வீட்டிலேயே திட்டமிடலாம், குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை மட்டும் தாத்தா பாட்டியிடம் பேசித் தீர்க்க வேண்டும். ஒருவருடைய முகம் மாறுவதை மற்றவர் நெடுங்காலமாக அறிந்திருப்பதால், எண் சொல்லும் முறைகூடத் தேவைப்படாமல் போகலாம். எதிர்ப்பக்கத்தில், வீட்டிலுள்ள தீராத வாக்குவாதம் எதுவானாலும் நான்காம் மணி நேர ஏற்றத்தில் மேலே வந்துவிடும். கணவன் முன்னால் ஓட்டிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்ப்பது, ஊக்கம் என்று எண்ணி “இன்னும் கொஞ்சந்தான், வா” என்று சொல்லிக்கொண்டே இருப்பது ஆகியவை மனைவிக்கு எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதை அவர் தானாக உணர்வதில்லை. வேகத்தை மனைவி முடிவு செய்வார், முன்சக்கரம் எப்போதும் அவருடையது என்ற ஒரே ஏற்பாடு பெரும்பாலான சச்சரவுகளைத் தவிர்க்கிறது. மனைவி வலுவானவராக இருக்கும் வீடுகளில் இது தலைகீழாகப் பொருந்தும்.

எந்த ஜோடியானாலும் சைக்கிள் பொருத்தம் ஒன்றைக் கவனித்தாக வேண்டும். ஜோடிக்கு நான்கு டயர், இரண்டு செயின், நான்கு பிரேக். ஆகவே பழுதுகள் இரட்டிப்பாக வரும், ஒவ்வொன்றுக்கும் இருவரும் நின்றாக வேண்டும். இந்த இழப்பை ஈடுகட்டும் வழி, இருவருடைய உதிரிகளும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு முன்கூட்டியே அமைத்துக்கொள்வது. இருவருக்கும் 29 அங்குலச் சக்கரம், ஒரே வகை வால்வு, 12 கியர் செயின், ஒரே அமைப்புள்ள பிரேக் பேடு என்று இருந்துவிட்டால் ஒரு டியூப், ஒரு செயின் இணைப்பு, ஒரு ஜோடி பேடு, ஒரு பம்பு ஆகியவை இருவருக்கும் போதும், சுமையும் பாதியாகும். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு மட்டும் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறுபடும் என்பதால், அதை ஆளுக்கொன்று கொண்டுபோக வேண்டும். அந்தத் துண்டு சென்னையிலேயே எளிதில் கிடைக்காத மாடல்கள் உண்டு, ஆகையால் பல வாரம் முன்பே வரவழைத்துக்கொள்வது நல்லது. டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்கும் திரவம் ஊற்றுவது, பிளக் செருகுவது, அறுந்த செயினைக் கோப்பது ஆகிய மூன்றையும் இருவருமே செய்யத் தெரிந்திருக்க வேண்டும். கைவேலை தெரிந்தவரே விழுந்து கையை அடிபடுத்திக்கொள்ளும் நாளும் வரலாம்.

முடிக்கும் வாய்ப்பையும் நேர்மையாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் எட்டு நாள் பந்தயத்தை முடிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது என்று வைத்துக்கொண்டால், அதே நிலையிலுள்ள இருவரும் முடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 81 ஆகக் குறைகிறது. ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலோ, இருக்கையில் உரசி ஏற்படும் புண் முற்றினாலோ மற்றவருடைய பந்தயமும் மாறிவிடும். இமாசலத்தில் போட்டியிடுவதானால் உயரமும் சேர்ந்துகொள்கிறது. கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டரை ஒட்டிய உயரத்தில் வாழும் வேலூர்க்காரர் ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரமுள்ள ஜலோரி கணவாய் போன்ற இடத்தில் தன் உழைப்புத் திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடுவார். அந்த இழப்பு இருவருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஏலகிரியில் சமமாக இருந்தவர்கள் அங்கே சமமாக இல்லாமல் போவது இதனால்தான். ஒருவருக்குத் தலைவலியும் குமட்டலும் தொடங்கினால் மற்றவர் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாமல் உயரத்தின் நோய் என்று அறிந்து, மேலே ஏறுவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். தனியாகப் போனவர் தன்னைப் பற்றி அந்தத் தீர்ப்பைத் தானே சொல்ல வேண்டியிருக்கும், நோயுற்ற மூளையால் அது கடினம். இந்த ஒரு காரணத்துக்காகவே உயரமான மலைகளில் ஜோடியாகப் போவதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

சாப்பாடு, பயணம், கூடாரம் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓட்டும்போது மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ளே போக வேண்டும். வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், உப்பிட்ட சோற்று உருண்டை என எது ஒத்துக்கொள்கிறதோ அதை இருவரும் தனித்தனியே பயிற்சியில் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கூட்டாளியின் வயிறு நம் வயிறு அன்று. காட்பாடியிலிருந்து டெல்லி, அங்கிருந்து கால்கா, பிறகு சிம்லா என்று போகும் நீண்ட ரயில் பயணத்தில் இரண்டு சைக்கிள் பெட்டிகளை இருவராகக் காப்பது தனியாளாக ஒன்றைக் காப்பதைவிட எளிது. தூக்கத்தைப் பொறுத்தவரை, குறட்டை விடுபவரும் மெல்லிய தூக்கக்காரரும் ஒரே கூடாரத்தில் ஒரு வாரம் படுப்பது பந்தயத்தைப் பாதிக்கும். ஜமுனாமரத்தூரில் தங்கும் இரவு இதற்கும் ஒரு சோதனை ஆகும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது என் தீர்ப்பு இது. முதல் முறை பல நாள் பந்தயத்துக்குப் போகிறவர், தனிப் பிரிவும் ஜோடிப் பிரிவும் உள்ள பந்தயத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். தன்னைப் போலவே தளர்கிற, எண்ணைத் தயங்காமல் சொல்கிற ஒருவர் கிடைத்தால் ஜோடியாகவும், கிடைக்காவிட்டால் தனியாகவும் போகட்டும். தன்னைவிட மிக வலுவான ஒருவர் ஆசையோடு அழைக்கிறார் என்பதற்காக மட்டும் முதல் முறையே அவரோடு இணைவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்த அழைப்பை ஏற்பதைவிடத் தனியாகப் போவது உடலுக்கும் நட்புக்கும் நல்லது. ஒரு பந்தயத்தைத் தனியாக முடித்துத் தன் தளர்ச்சியின் வடிவத்தை அறிந்துகொண்டவர் இரண்டாம் முறை வலுவானவரோடு சேரலாம், ஏனெனில் அப்போது அவரால் தன் எண்ணைத் துல்லியமாகச் சொல்ல முடியும். கணவன் மனைவி ஜோடிக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் முதல் முறையே சேர்ந்து போகலாம், தரவரிசையை நினைக்காமல் போவதானால்.

பெயர் பதிவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன் இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து சில செய்திகளைத் தாளில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிப்பது இலக்கா, நேரம் இலக்கா என்பது முதலாவது. பந்தயத்துக்கு முன்பே ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் மாற்றுக் கூட்டாளியை யார் தேடுவது, கட்டணத்தில் யார் எவ்வளவு ஏற்பது என்பது இரண்டாவது. பெயர் மாற்றத்துக்கு அமைப்பாளர்கள் கடைசி நாள் வைத்திருப்பார்கள், அந்தத் தேதியையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பந்தயத்தின் நடுவில் ஒருவர் விலக நேர்ந்தால் மற்றவர் தொடர்வதா, கூடவே நிற்பதா என்பது மூன்றாவது, இதுவே மிக முக்கியமானது. கேப் எபிக்கில் எஞ்சியவர் அணித் தரவரிசையில் இடம்பெறாமல் தொடர்ந்து ஓட்டலாம். மற்ற பந்தயங்களின் விதி வேறாக இருக்கக்கூடும் என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். “நான் நின்றுவிட்டால் நீங்கள் போங்கள்” என்பதை வேலூரில் தெளிந்த மனத்தோடு சொல்லி எழுதி வைத்தவருக்கு, மலைமேல் அதை மீண்டும் சொல்ல வேண்டியிருக்காது. மருத்துவக் காப்பீடு இருவருக்கும் மலைப் பந்தயத்தை உள்ளடக்குகிறதா என்பதையும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய வீட்டு எண்கள் ஒருவருடையது மற்றவரிடம் இருக்கிறதா என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொண்டு, அதன் பிறகு கட்டணத்தைச் செலுத்தலாம்.